மேடையில் நட்ட கம்பம்

கழக்கூட்டம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு லைன்மேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் மின்சார மாநாட்டுப் பை இருந்தது.

"மேடையில வேலை செஞ்சு காட்டும்போது செத்த கம்பிக்குப் பயந்துட்டீங்களாமே, அண்ணாச்சி? ஹாலே சிரிச்சுதாம்."

"மேடையில சும்மா நட்ட கம்பம்தான், சப்ளையே கிடையாது. ஆனாலும் கரண்டை மண்ணுக்கு இறக்குற எர்த் ராடைக் கம்பியில மாட்டாமத் தொடக் கை வரலடே."

இளையவர் சிரிப்பை நிறுத்தினார். "உங்க தம்பியும் ஆஃப் பண்ணின லைனைத்தானே தொட்டான்."

"ம். யாரோ வீட்டு ஜெனரேட்டர்லேர்ந்து கரண்ட் திரும்பி வந்துட்டு. ஆளையே கொண்டுபோயிட்டு."

பஸ் சிக்னலில் நின்றது.

"நாளைக்கும் செஞ்சு காட்டணுமா?"

"நேரமில்ல, ராடு மாட்ட வேண்டாம்னு மாநாட்டுக்காரங்க சொன்னாங்க. அப்ப நானும் வேண்டாம்னுட்டேன்."

"அய்யோ, அங்க நாளைக்குத்தான் பிரியாணி!"

"போகட்டும். உன்கூட டியூட்டிக்கு வாறேன்."

"அப்ப ராடை நான் சுமக்கேன், அண்ணாச்சி."