எண்பத்தாறாவது நாள் சாயந்திரம்

தனேஷ்: ... மூச்சு வாங்குதே உனக்கு. ஓடுறியா கா?

தாமரை: ஓடாம? லிஃப்ட் வரல. ஏழு மாடியும் படியில இறங்கினேன். உன் டிரைபாட் என்ன எடை தெரியுமா?

தனேஷ்: கல்யாண வீட்ல நான் தினம் தூக்கினதுதானே லா. மணி ஆறு பத்து. நேத்து ஆறுக்கே மரத்தடியில நின்ன.

தாமரை: நேத்து மழை இல்ல. இன்னிக்கி பாடாங் மைதானம் முழுக்க தண்ணி. செருப்ப கழட்டி கையில வச்சிருக்கேன். ஒரு கையில செருப்பு, ஒரு கையில டிரைபாட், கழுத்துல கேமரா, காதுல ஃபோன் வழியா நீ.

தனேஷ்: ஏர்ஹோஸ்டஸ்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல தூக்கணும்னு நீதானே சொல்லுவ.

தாமரை: அத இப்ப ஏன் எடுக்குற?

தனேஷ்: சரி சரி. மாப்பிள்ள வந்துட்டாரா?

தாமரை: இன்னும் காணோம். இரு, நிறுத்திக்கிறேன்... ம். கால் சேத்துல இறங்குது.

தனேஷ்: மூணு காலையும் அமுக்கி விடு. ஆடக் கூடாது. பொந்து தெரியுதா?

தாமரை: தெரியுது. தூங்குமூஞ்சி மரம், ரெண்டாவது கிளை பிரியற இடம். நீ சொன்ன மாதிரி மண்ணு பூசின பிளவு. உள்ளேருந்து அலகு நுனி மட்டும் எட்டிப் பார்க்குது.

தனேஷ்: எண்பத்தாறு நாள் கா. டிசம்பர் கடைசியில அந்தம்மா உள்ள போயி, வாசலை மண்ணாலயும் எச்சத்தாலயும் பூசிக்கிட்டு உக்காந்துச்சு. அன்னையிலேருந்து அவரு ஒருத்தரே வெளிய அலைஞ்சு, பழம் கொண்டாந்து ஊட்டுறாரு. தமிழ்ல இருவாச்சி. இங்க மலாய்ல எங்காங். நான் வச்ச பேரு மாப்பிள்ள.

தாமரை: தெரியும்டா. ஒன்பது நாளா இதையேதான் சொல்ற.

தனேஷ்: இன்னிக்கி நாளைக்குள்ள வாசலை உடைச்சிக்கிட்டு வந்துரும். நான் கணக்கு போட்டு வச்சிருந்தேன், கா. சரியா அந்த நேரத்துல இங்க எங்க பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்ட சுத்தி, கொரோனான்னு முள்ளுக்கம்பி போட்டுட்டாங்க.

தாமரை: இன்னும் எத்தன நாளு?

தனேஷ்: அஞ்சு. நேத்து மூக்குல விட்டு எடுத்தாங்க. எனக்கு நெகட்டிவ். மூணாவது மாடியில இன்னும் ரெண்டு பேரு. ஜன்னல்ல பார்த்தா மோனோரெயில் மட்டும் போகுது, உள்ள யாருமில்லாம. கம்பி போடுற வரைக்கும் சாப்பாட்டு பொட்டலத்த நான்தான் மோட்டார்ல வீடு வீடா கொண்டு போய் குடுத்தேன். இப்ப எனக்கு யாரோ கொண்டாந்து கேட்ல வைக்கிறாங்க.

தாமரை: அப்ப உள்ள இருக்கிற அம்மா நீதான்.

தனேஷ்: நக்கலு... ஐ.எஸ்.ஓ. எவ்வளவு வச்சிருக்க?

தாமரை: ஆயிரத்து அறுநூறு.

தனேஷ்: மூவாயிரத்து இருநூறுக்கு ஏத்து. மழை மேகம், வெளிச்சம் சீக்கிரம் போயிரும். கா, நான் நானூறு கல்யாணம் எடுத்திருக்கேன். தாலி கட்டுறத கோட்டை விட்டாக்கூட, 'மாப்பிள்ளை, இன்னொரு தடவை கையை வைங்க'ன்னு சொல்லிரலாம். இது வெளிய வந்தா வந்ததுதான்.

தாமரை: பயமுறுத்தாதடா. மூவாயிரத்து இருநூறு வச்சாச்சு.

தனேஷ்: சும்மா அமுக்கு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

தாமரை: ஸ்ஸ்... வந்துட்டாரு. வந்துட்டாருடா. றெக்கை சத்தம் கேட்டுச்சா? லோங்காங், அந்த சாக்கடை பக்கம் இருந்து வந்தாரு. வாயில... சிவப்பா ஏதோ பழம்.

தனேஷ்: அமுக்கு, அமுக்கு.

தாமரை: அமுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா குடுக்க மாட்டேங்குறாரு. எதிர்க் கிளையில உக்காந்து பழத்த காட்டுறாரு.

தனேஷ்: கா... அப்படின்னா வெளிய கூப்பிடுறாரு.

இராமலிங்கம்: என்னம்மா இது, மரத்த போய் போட்டோ எடுக்குற?

தாமரை: அங்கிள், மெதுவா. பறவை பயந்துரும்.

தனேஷ்: யாரு கா?

தாமரை: நாலாவது மாடி இராமலிங்கம் அங்கிள். வாக்கிங் வந்திருக்காரு. அங்கிள், மாஸ்க் தாடையில இருக்கு.

இராமலிங்கம்: மூச்சு விட வேணாமா, பாடாங்ல யாரு இருக்கா... சரி, போட்டுட்டேன். நீ ஏழாவது மாடி புள்ளதானே? ஏரோப்ளேன்ல வேலை. ரொம்ப நாளா ஆளைக் காணோம், பறந்துக்கிட்டே இருக்கியோன்னு நினைச்சேன்.

தாமரை: ... இல்ல அங்கிள். வேலை போயிருச்சு. நவம்பர்ல நிறுத்திட்டாங்க.

இராமலிங்கம்: ஆ... என் மருமகனையும்தான். ஹோட்டல்ல இருந்தான். இப்ப வீட்ல முறுக்கு சுடுறான். அத சாப்பிட்டு என் பல்லு ரெண்டு ஆடுது. நீ இப்ப என்னம்மா பண்ற?

தாமரை: இதுதான் அங்கிள். சாயந்திரம் ஆறு மணிக்கு டியூட்டி.

தனேஷ்: கா...

தாமரை: என்ன?

தனேஷ்: சொல்லிட்ட. பெரியம்மாகிட்டயே இன்னும் லீவுன்னுதானே சொல்லி வச்சிருக்க.

தாமரை: கேட்டாரு, சொன்னேன். அத விடு. அங்க பாரு... நீ எப்படி பார்ப்ப. அலகு உள்ள போயிருச்சு. இப்ப அடிக்குது. டொக்கு டொக்குன்னு. உள்ளேருந்து அடிக்குதுடா.

இராமலிங்கம்: அட, மண்ணு உதிருது பாரு. அந்தா, அந்தா.

தாமரை: அங்கிள், என் தோளை விடுங்க, ஆடுது.

தனேஷ்: ஃபோகஸ் பொந்து ஓரத்துல வை. விரலை எடுக்காத.

தாமரை: வச்சிட்டேன். பெரிய கட்டி ஒண்ணு விழுந்துச்சு. தலை தெரியுது. கண்ணு... கண்ண சுத்தி நீலமா இருக்கு. உடம்ப நெளிக்குது. முடியல போல. திரும்ப உள்ள போயிருச்சு.

தனேஷ்: வரும். வரும் கா. நீ அமுக்கிட்டே இரு.

தாமரை: ஏன்டா உள்ள போகுது? கதவு திறந்துதானே இருக்கு.

தனேஷ்: மூணு மாசம் உள்ளயே இருந்துருக்கு. றெக்கை இருக்கான்னே அதுக்கு மறந்திருக்கும்.

தாமரை: வா... வாம்மா. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவரு பழத்த வச்சிக்கிட்டு நிக்கிறாரு பாரு. வா.

இராமலிங்கம்: வருது.

தாமரை: வருது. தோள் வந்துருச்சு. ஒரு றெக்கை. ரெண்டு... வெளிய வந்துருச்சு தனேஷ், வெளிய வந்துருச்சு, கிளையில நிக்குது, தள்ளாடுது, ஐயோ விழப் போகுது...

தனேஷ்: விடு, விடு, அமுக்கு.

தாமரை: விழல. கீழ்க் கிளைக்கு வந்துருச்சு. அங்கேருந்து... பறக்குதுடா. கொஞ்சம் கோணலா. என் தலைக்கு மேலயே போகுது. கோல் போஸ்ட்ல போய் உக்காந்துருச்சு. மாப்பிள்ள பின்னாலயே ஓடுறாரு. ஊட்டுறாரு. கோல் போஸ்ட் மேல உக்காந்து ஊட்டுறாருடா.

இராமலிங்கம்: வாலு என்னம்மா, பெட்டிக்குள்ள வச்ச புடவை மாதிரி கசங்கியிருக்கு?

தாமரை: மூணு மாசம் பொந்துல இருந்தா நீங்க எப்படி இருப்பீங்க அங்கிள்?

இராமலிங்கம்: நான் போன வருஷம் லாக்டவுன்ல இருந்தேனே. எட்டு கிலோ ஏறிட்டேன். இரு, போய் ஆன்டிய கூட்டிட்டு வரேன். நான் சொன்னா நம்ப மாட்டா. போட்டோ எனக்கும் அனுப்பும்மா.

தாமரை: அனுப்புறேன் அங்கிள்... டேய். டேய், இருக்கியா? ஏன் பேச்சே காணோம்?

தனேஷ்: இருக்கேன்.

தாமரை: அழுறியா?

தனேஷ்: இல்ல லா.

தாமரை: எண்பத்தாறு நாளு காத்திருந்த. சந்தோஷமா ஏதாவது சொல்லு.

தனேஷ்: கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத.

தாமரை: சொல்லு.

தனேஷ்: அந்தப் போட்டோ எதுவுமே இல்ல. ஒன்பது நாளா நீ எடுத்தது ஒண்ணுகூட இல்ல. கேமராவுல கார்டே கிடையாது. போலீஸ் ரோட்பிளாக்ல கேமராவ தோண்டித் துருவுறாங்கன்னு அத உன் வீட்ல வச்சிட்டு, கார்டை மட்டும் கழட்டிக்கிட்டு வருவேன்ல? வீட்ல காப்பி பண்ணிட்டு மறுநாள் கொண்டு வந்து போடுவேன். இந்த தடவ கொண்டு வர முடியல. கம்பி போட்ட அன்னிக்கி ராத்திரி சட்டைப் பையில கை விட்டேன், இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள உன்னை ஒரு தடவை கீழ அனுப்பிட்டேன்.

தாமரை: அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.

தனேஷ்: எப்படி சொல்றது? நாலு மாசமா திரைச்சீலைய மூடிக்கிட்டு உக்காந்திருந்த. எது கேட்டாலும் 'ம்'. அன்னிக்கி கீழ போயிட்டு வந்து அரை மணி நேரம் நிறுத்தாம பேசுன. கொசு கடிச்சத பத்தி மட்டும் பத்து நிமிஷம். நான் எப்படி லா சொல்லுவேன், நாளையிலேருந்து போவாதன்னு? ஆனா இன்னிக்கி... இப்படி ஒரு ஷாட். உன்னை ஏமாத்திட்டேன் கா.

தாமரை: முதல் நாளே தெரியும்டா.

தனேஷ்: என்ன?

தாமரை: ஸ்கிரீன்ல சிவப்பா எழுதிக் காட்டுது. நான் என்ன குருடியா?

தனேஷ்: தெரிஞ்சே ஒன்பது நாள்...

தாமரை: கார்டு இல்லாம ஒரே நாள்தான். ரெண்டாவது நாள் காலையில தெங்கு கிளானா ரோட்டு கடைத்தெருவுக்கு போய் புதுசா ஒரு கார்டு வாங்கிட்டு வந்து போட்டுட்டேன்.

தனேஷ்: நீயா? நீ போனியா?

தாமரை: லிஃப்ட் வரைக்கும் போய் மூணு தடவை திரும்பி வந்தேன். நாலாவது தடவை கதவு திறந்ததும் கண்ண மூடிக்கிட்டு ஏறிட்டேன். கடை வாசல்ல வரிசை. அந்தப் பையன் காய்ச்சல் பார்த்து, 'எஸ் அக்கா, என்ன வேணும்'னு கேட்டான். கார்டுன்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு.

தனேஷ்: அப்ப... அந்தம்மா வெளிய வந்தது...

தாமரை: இருநூத்திப் பதினாலு படம். இப்பதான் ஓட்டிப் பார்த்தேன். பாதி ஆடியிருக்கு. றெக்கை விரிச்சது ஒண்ணு இருக்கு, தண்ணி மாதிரி தெளிவா.

தனேஷ்: ஏன் கா சொல்லல? இவ்ளோ நாளா ஏன் என்கிட்ட மறைச்ச?

தாமரை: சொன்னா, அக்கா தேறிட்டா, கடைக்கெல்லாம் போறான்னு நினைச்சு நீ கூப்பிடுறத நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சுடா. சரி சரி, மூக்க உறிஞ்சாத, காதுல கேக்குது. பொந்துக்குள்ள இப்ப இன்னொரு சின்ன அலகு எட்டிப் பார்க்குது... நாளைக்கு ஆறு மணிக்கு கூப்பிடு. லேட் பண்ணாத.