குடையை விரிக்காம ஓடின கவிஞர்

கலைமதி: உப்பள வரப்பு வழுக்கும், பாத்து வாங்க... கேட்டதுக்கு இன்னும் பதிலே சொல்லலியே?

ஜெயப்பிரகாஷ்: சொல்றேங்க, சொல்றேன். பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட சம்பளம் கேப்பாங்க, சொந்த வீடான்னு கேப்பாங்க. "எட்மண்ட் தோர்ன்பியோட வாழ்க்கையப் பத்தி சொல்லுங்க"ன்னு எந்த ஊருலங்க கேப்பாங்க?

கலைமதி: மரக்காணத்துல கேப்போம். நான் எம்.ஏ. இங்கிலீஷு. இங்கிலாந்தே தலையில தூக்கி வெச்சி ஆடுன கவிஞர் அவரு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பில்ல. உள்ள போயி பொண்ணு புடிக்கலன்னு சொல்லிட்டு, கேசரிய சாப்ட்டுட்டு கெளம்பலாம்.

ஜெயப்பிரகாஷ்: ஓஹோ... வானூர்லேர்ந்து வந்த கிளார்க்கையும் இப்படித்தான் கேசரி குடுத்து அனுப்புனீங்களா?

கலைமதி: அது... உங்களுக்கு யாரு சொன்னா?

ஜெயப்பிரகாஷ்: அவன் என் ஃப்ரெண்டுங்க. "மச்சான், பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, ஆனா எக்ஸாம் வெக்குதுடா"ன்னு பொலம்புனான்.

கலைமதி: பொலம்பட்டும். சிலபஸ்லயே இல்லியேன்னாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தரு வந்தாரு, அவரு அதுக்கும் மேல. "தோர்ன்பியா... இடையஞ்சாவடியில சைக்கிள்ல சுத்துவாரே, அந்த வெள்ளக்காரரா?"ன்னு கேட்டாரு.

ஜெயப்பிரகாஷ்: அய்யய்யோ...

கலைமதி: சிரிக்காதீங்க. இப்ப உங்க முறை.

ஜெயப்பிரகாஷ்: சரி, வெச்சிக்கோங்க. நம்ம எட்மண்டு... தோல் பதனிட்றவரு புள்ள. உடம்பெல்லாம் தோல் நாத்தம். பள்ளிக்கூடத்துல ஒரு பய பக்கத்துல ஒக்கார மாட்டான். தனியா ஒக்காந்து ஒக்காந்து... எழுத ஆரம்பிச்சிட்டான்.

கலைமதி: ...ம்.

ஜெயப்பிரகாஷ்: காலேஜ்ல பிரின்சிபால கிண்டல் பண்ணி பாட்டு எழுதினான். கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளிட்டாங்க. அப்புறம் நம்மள மாரி உப்பு பொழப்புதான். உப்புக் கிடங்குல எடை போட்ற வேலை. எடைச் சீட்டுக்குப் பின்பக்கத்துலதான் மொத கவிதையே! அப்புறம்...

கலைமதி: இருங்க, இருங்க. நீங்க லாரி ஓட்றவருன்னுதான சொன்னாங்க?

ஜெயப்பிரகாஷ்: ஏங்க, லாரி ஓட்றவனுக்கு கவிஞர தெரியக் கூடாதா? இங்கேர்ந்து உப்பு ஏத்திக்கிட்டு ஓசூர் வரைக்கும் ராத்திரி பூரா ரோடுதான். காதுல எதனா ஓடிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா கண்ணு சொக்கிடும்.

சரஸ்வதி: ஏ கலை! மோட்டார நிறுத்து! பாத்தி ரொம்பி வழியுது பாரு!

கலைமதி: நிறுத்தறேம்மா!... எங்கம்மா. மாப்ள வந்திருக்காரு, கொஞ்சம் மெதுவா பேசுவோம்னு கெடையாது.

ஜெயப்பிரகாஷ்: பரவால்லங்க. எனக்கு அந்தக் குரலு ரொம்பப் புடிச்சிருக்குது.

கலைமதி: எங்கம்மா குரலா? காக்காவே பயந்து ஓடும்!

ஜெயப்பிரகாஷ்: இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்கக் கூடாது. வர்றவங்கள எல்லாம் ஏங்க இப்படி தொரத்துறீங்க?

கலைமதி: ...வர்றவங்க எல்லாம் அஞ்சாவது வார்த்தையில "கல்யாணத்துக்கு அப்புறம் ஃபோனும் கையுமா இருக்கக் கூடாது"ங்கறாங்க. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேங்க. அது ஃபோன்லதான் இருக்குது. என்னன்னு கேக்காதீங்க. அத விட்டுட்டு எனக்கு யாரும் வேணாம்.

ஜெயப்பிரகாஷ்: உங்கப்பாகிட்ட சொல்ல வேண்டிதுதான?

கலைமதி: நல்லா சொன்னீங்க! இன்னிக்கும் வேணான்னு சொன்னா ஃபோன புடுங்கி உப்புத் தண்ணியில போட்டுருவேன்னு காலையிலதான் சொல்லிட்டுப் போனாரு. வேணும்னாலும் போயிடும், வேணான்னாலும் போயிடும். என் நெலம அப்படி இருக்குது... நீங்க கதைய வுட்டுட்டீங்க.

ஜெயப்பிரகாஷ்: எங்க வுட்டேன்? ஆங்... மொத புக்கு வந்துச்சி. ஒரு ஈ காக்கா வாங்கல. ரொட்டிக்கடைக்காரரு பொண்ணு மார்த்தா மட்டும் படிச்சிட்டு, "மூணாவது வரி பொய்யி"ன்னு சொல்லிச்சி. அவளையே கட்டிக்கிட்டான்!

கலைமதி: ம்... அப்புறம்?

ஜெயப்பிரகாஷ்: "இனிமே எது எழுதினாலும் மொதல்ல உன்கிட்டதான் படிப்பேன்"னு சத்தியம். அந்தம்மா காது குடுத்துக் கேட்டு கேட்டுதான் ஆளு எங்கயோ போயிட்டான். ராஜாவே கூப்ட்டு பட்டம் குடுத்தாரு. அங்கதான் புடிச்சது சனி. புதுசா எழுதினத பொண்டாட்டிகிட்ட படிக்காம நேரா அரமனையில போயி படிச்சிட்டான்.

கலைமதி: செஞ்சது தப்புதான?

ஜெயப்பிரகாஷ்: தப்புதான், யாரு இல்லன்னா? மார்த்தா சண்ட கூட போடல. பெட்டியக் கட்டிச்சி, குதிர வண்டியில ஏறி ஒக்காந்துடுச்சி. வெளிய கொட்டுது மழை. எட்மண்டு பின்னாடியே ஓடறான்... கையில குடை இருக்குது, விரிக்கல. விரிக்காத குடைய கக்கத்துல இடுக்கிக்கிட்டு தெப்பலா நனைஞ்சிக்கிட்டே ஓடறான்...

கலைமதி: என்ன சொன்னீங்க?

ஜெயப்பிரகாஷ்: ஓடறான்னு...

கலைமதி: அதில்ல. குடையா?

ஜெயப்பிரகாஷ்: ஆமாங்க, குடை.

கலைமதி: குடை எந்தப் புக்குலயும் இல்லீங்க. "வண்டியின் பின்னால் போனார்"னு ஒரே ஒரு வரிதான். எங்க கேட்டீங்க?

ஜெயப்பிரகாஷ்: யூடியூப்லதான். "ஒரு பாத்தி கதை"ன்னு ஒரு சேனலு. பேசற பொண்ணு மூஞ்சே காட்டாது, குரலு மட்டும்தான். இங்கிலீஷ் கவிஞருங்க கதையெல்லாம் பக்கத்து வீட்டு சேதி மாரி சொல்லும்.

கலைமதி: ஓ... அதெல்லாம் ஒரு சேனலா? குடைய அந்தப் பொண்ணு சொந்தமா சேத்து வுட்டிருக்குது. பொய்யி.

ஜெயப்பிரகாஷ்: அப்டி சொல்லாதீங்க. கோவம் வந்துடும் எனக்கு. அந்தக் குடை வந்த எடத்துல நான் லாரிய ஓரங்கட்டிட்டேன். கண்ணு தெரியல... மழையும் இல்ல அன்னிக்கு.

கலைமதி: ...நெஜமாவா?

ஜெயப்பிரகாஷ்: சத்தியமா. ஆனா பாருங்க, அதோட நிறுத்திடுச்சி அந்தப் பொண்ணு. ரெண்டு மாசமாச்சு, மீதி வரல. எட்மண்டு வண்டியப் புடிச்சானா, விட்டானா? புக்கு வாங்கி பாக்கலாம்னா... புக்குல குடை இல்லன்னு நீங்களே சொல்றீங்க.

கலைமதி: ...தெரிஞ்சிதான் வந்தீங்களா?

ஜெயப்பிரகாஷ்: எதுங்க?

கலைமதி: நடிக்காதீங்க. அந்த சேனலு என்னுதுன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. மோட்டார் ஷெட்டு கதவ சாத்திக்கிட்டுதான் பேசுவேன். எப்படி கண்டுபுடிச்சீங்க?

ஜெயப்பிரகாஷ்: உங்கம்மா குரலுக்கு கதவு எம்மாத்திரம்? ராஜா பட்டம் குடுக்கறாரு... நடுவுல "ஏ கலை! மோட்டார நிறுத்து!" எல்லா வீடியோலயும் வருதுங்க! பங்குனியில பக்கத்து உப்பளத்துல லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன்... அதே குரலு, அதே வார்த்தை. கையில இருந்த டீய பேண்ட்டு மேலயே ஊத்திக்கிட்டேன். அன்னிக்கே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், பொண்ணு பாத்தா மரக்காணத்துலதான்னு.

கலைமதி: அடப்பாவி மனுஷா... அப்ப நான் கேள்வி கேட்டதெல்லாம்?

ஜெயப்பிரகாஷ்: ஃப்ரெண்டு கொஸ்டின் பேப்பர முன்னாடியே லீக் பண்ணிட்டான். நீங்க சொன்ன கதையத்தான் உங்களுக்கே சொன்னேன். தப்பா?

சரஸ்வதி: ஏ கலை! எவ்ளோ நேரம் பேசுவீங்க? எல்லாரும் முடிவு என்னன்னு கேக்கறாங்க!

கலைமதி: வர்றோம்மா!

ஜெயப்பிரகாஷ்: வேணாம்னா சொல்லிடுங்க, எனக்குத்தான் புடிக்கலன்னு சொல்லி பழிய என்மேல போட்டுக்கறேன். உங்கப்பாவும் ஃபோன்ல கை வெக்க மாட்டாரு. வேற யாரக் கட்டிக்கிட்டாலும் சரி, கதை சொல்றத மட்டும் வுட்டுடாதீங்க... மீதிய சொல்லுங்களேன். மார்த்தா திரும்பிப் பாத்துச்சா?

கலைமதி: அந்த வீடியோவுக்கு கீழ தெனமும் காலையில ஒரு கமெண்ட் வரும். ஒத்த வார்த்தை. "அப்புறம்?"னு. பேரு "நைட் லோடு"ன்னு போட்டிருக்கும்.

ஜெயப்பிரகாஷ்: ...நான்தாங்க அது. ரொம்ப தொந்தரவு பண்ணிட்டேனா?

கலைமதி: மீதிக் கதைய மறுநாளே பேசி முடிச்சிட்டேங்க. ஃபோன்லயே கெடக்குது, போடல.

ஜெயப்பிரகாஷ்: ஏங்க?

கலைமதி: போட்டுட்டா... காலையில எழுந்ததும் "அப்புறம்?"னு என்னை யாருங்க கேப்பாங்க?