பலகையில் தெரிந்த மூன்று எழுத்து

— இரிகேஷன். இதுல வருதுக்கா. படத்துல தெரியற ஆர், ஐ, ஜி, மூணும் ஒட்டி ஒட்டி நிக்குது.

— அப்படின்னா என்னடா?

— வயலுக்குத் தண்ணி பாய்ச்சறது. அதாவது, அதுக்குக் குழாய் செய்யற கம்பெனியா இருக்கலாம்.

— என் பையன் ஒரு பூந்தொட்டிக்குக்கூடத் தண்ணி ஊத்தினதில்ல. சரி, நோட்டுல ஏத்திக்கோ.

— ஏத்திட்டேன். இதோட முப்பத்தொண்ணு.

— முன்ன பளபளன்னு ஒரு சொல்லு சொன்னியே, அது என்ன ஆச்சு?

— பிரைட். அந்தப் பேர்ல பதினாலு கம்பெனிக்கு லெட்டர் போட்டோம். ஒம்பது திரும்பி வந்துடுச்சு. மிச்சம் அஞ்சு, கிணத்துல போட்ட கல்லு.

— பட்டாளம்னு ஒண்ணு?

— பிரிகேட். அவங்க பதில் போட்டாங்க. அப்படி ஒரு ஆளே இல்லையாம்.

— வாரம் பூரா அச்சகத்துல உக்காந்து ஊரான் எழுதினதுல தப்புத் தேடற. ஞாயித்துக்கிழமையாவது கண்ண மூடிப் படுப்பன்னு பாத்தா, இங்க வந்து அகராதியப் புரட்டற. உன் பொண்டாட்டி என்னைத் திட்டப்போறா.

— அவ ஒண்ணும் சொல்லல. அக்கா, நான் ஒண்ணு கேக்கவா? இன்னிக்கோட இத நிறுத்திக்கலாமா?

— ஏன், கை வலிக்குதா?

— கை வலிக்கல. இங்கிலீஷ்ல எத்தனையோ லட்சம் சொல்லு. அதுவும் சொல்லா இல்லாம முதலாளியோட பேரா இருந்துட்டா? எங்கன்னு தேடறது?

— எங்க வேணாலும் தேடுவேன். கேளுடா, அவன் போன் வந்து பதினாலு மாசம். போன் தண்ணில விழுந்திருக்கும், நம்பர் எல்லாம் அழிஞ்சிருக்கும். பழைய கம்பெனிய விட்டு மாறிட்டேன், புது இடம் இதுதான்னு இந்தப் படத்த அனுப்பினவன், கம்பெனி பேர ஒரு வார்த்த எழுதியிருக்கக் கூடாதா? பின்னாடி அவ்வளவு பெரிய பலகை, அத மறைச்சுக்கிட்டு ரெண்டு லாரி. இடுக்குல தெரியறது மூணே எழுத்து.

— அவன வெளிநாட்டுக்கு அனுப்பி வச்ச ஏஜென்ட்டும் ஆபீஸப் பூட்டிட்டுக் கம்பி நீட்டிட்டான். நம்ம நேரம்.

— நேரத்த விடு. இங்க பாரு. ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசா போட்டுட்டு வந்திருக்கேன்.

— எதுக்குக்கா இது? பெருசா போட்டா நாலாவது எழுத்து முளைச்சிடுமா?

— எழுத்த நீ பாரு. நான் துணியப் பாக்கறேன். இருபத்தாறு வருஷமா மிஷின் மிதிக்கறவ நான். இவன் போட்டிருக்கறது என்ன, சொல்லு?

— சட்டை.

— சட்டையாம். உள்ள பஞ்சு வச்சு, கட்டம் கட்டமா தையல் ஓட்டியிருக்கு. கழுத்து காதுவரைக்கும் ஏறி நிக்குது. மணிக்கட்டுல எலாஸ்டிக். காத்து உள்ள நுழையவே கூடாதுன்னு தச்ச துணிடா இது.

— அங்க குளிரா இருக்கும்.

— அப்ப லாரி பக்கத்துல நிக்கற ஆளப் பாரு. பனியனோட நிக்கறான், முதுகெல்லாம் வேர்வை. அடிக்கற வெயில் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? ஒருத்தன் பனியன்ல நிக்க, ஒருத்தன் மெத்தையச் சுத்திக்கிட்டு நிப்பானா?

— பொறுக்கா. யோசிக்கறேன்.

— நான் யோசிச்சுட்டேன். இவன் வேலை பாக்கற இடம் உள்ள ஐஸா இருக்கு. படம் எடுக்கன்னு வெளிய வந்து நின்னுட்டு மறுபடி உள்ள போயிருக்கான். ஐஸ் பெட்டிக்கு இங்கிலீஷ்ல என்ன?

— ஃப்ரிட்ஜ்.

— எழுத்துக் கூட்டு.

— எஃப், ஆர், ஐ, டி, ஜி, இ. நடுவுல டி வந்து உக்காந்துக்குதுக்கா. சேராது.

— அது சுருக்கிக் கூப்பிடற பேராம். முழுப் பேரு வேறன்னு ஸ்டுடியோக்காரர் சொன்னாரு.

— அது… நீளமான சொல்லுக்கா.

— நீளமா இருந்தா என்ன, எனக்கு என்ன பஸ்ஸா போயிடப்போகுது? சொல்லு.

— ரெஃப்ரிஜரேஷன்.

— எழுத்துக் கூட்டு.

— ஆர், இ, எஃப்… ஆர்… ஐ…

— அடுத்தது?

— ஜி.

— அகராதில நீ முதல்ல எடுத்ததே ஆர் வரிசைதானே? அத எப்ப முடிச்ச?

— அக்கா…

— நோட்டக் குடு. எனக்கு சொல்லுதான் தெரியாது, எழுத்துத் தெரியும். இதோ, ஆர் வரிசை. ஏழு சொல்லு எழுதியிருக்க. எல்லாம் கட்டை குட்டை. நீளமா ஒண்ணுகூட இல்ல. ஒரு புள்ளி இடம் மாறி இருந்தாலே வட்டம் போடற கண்ணு உன்னுது. இவ்வளவு நீளச் சொல்லு எப்படித் தப்புச்சு?

— தப்பலக்கா.

— என்ன சொன்ன?

— தேட ஆரம்பிச்ச மூணாவது ஞாயிறே கண்டுபிடிச்சுட்டேன். உன்கிட்ட சொல்லி ஆசை காட்ட வேணாம், முதல்ல விசாரிப்போம்னு வீட்டுக்குப் போய்த் தேடினேன். அந்தப் பேர்ல அங்க ரெண்டே கம்பெனி. மீன வாங்கி உறைய வைக்கற கிடங்கு. ரெண்டாவதுல அவன் இருந்தான்.

— இருந்தான்னா? டேய், இருந்தான்னா என்னடா அர்த்தம்?

— உயிரோட இருக்கான். கை கால் சுகமா இருக்கான். நீ முதல்ல உக்காரு. நான் போன்ல பேசினேன்.

— பேசினியா? பேசிட்டு வந்துதான் இத்தன நாளா என் எதிர்ல உக்காந்து பக்கம் திருப்பினியா? நீயெல்லாம் ஒரு… குரல் எப்படி இருந்துச்சு? சளி கட்டியிருந்துச்சா? குளிரு ஆகாதே அவனுக்கு.

— நல்லாத்தான் இருந்துச்சு.

— என்னைக் கேட்டானா?

— இல்லக்கா. அத்தான் செத்துப்போன விஷயம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம தெருவிலிருந்து புதுசா அங்க வேலைக்குப் போன ஒருத்தன், நல்ல மனசோட துக்கம் விசாரிச்சிருக்கான். உங்கப்பா போய் அஞ்சு மாசம் ஆச்சேன்னு.

— நான் சொல்லணும்னுதான் இருந்தேன். பாதில ஓடி வந்தா வேலை போயிடும், ஒப்பந்தம் முடியட்டும்னு…

— அந்த அஞ்சு மாசமும் அவன் போன் பண்ணப்பெல்லாம் அத்தான் தூங்கறாருன்னு நீ சொன்ன. கடைக்குப் போயிருக்காருன்னு நான் சொன்னேன். அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கணும், பவர் என்னன்னு கேட்டானாம். நீ அதையும் சொல்லியிருக்க.

— வாய்ல வந்தத சொல்லிட்டேன்டா. வேற என்ன சொல்றது அப்ப?

— கண்ணாடி வாங்கி வச்சிருந்தான். அதுக்கப்புறம்தான் இந்த விஷயம் தெரிஞ்சிருக்கு. அன்னிக்கே நம்பர மாத்திட்டான்.

— கம்பெனி நம்பரக் குடு. நான் பேசறேன். ஒரே ஒரு தடவ. காலப் பிடிச்சுக்கறேன்னு சொல்றேன்.

— அங்க அவன் இல்லக்கா. நான் பேசின மறு வாரமே வேலைய விட்டு நின்னுட்டான். எங்க போனான்னு கூட இருந்தவங்களுக்கே தெரியல. நான் எத்தனையோ தடவ கேட்டுட்டேன்.

— அப்ப ஒவ்வொரு ஞாயிறும் எதுக்குடா இங்க வந்த?

— உன்கிட்ட சொல்லச் சொல்லி அவன் ஒண்ணு சொன்னான். அதச் சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு வாரமும் கிளம்பினேன். வந்து பாத்தா, நீ தைக்கற துணிய ஒதுக்கி வச்சு, மேசையத் துடைச்சு, அகராதிய எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. வாய் வரலக்கா.

— இப்ப சொல்லு.

— வேணாம்.

— சொல்லுடா.

— ‘அப்பா செத்தத என்கிட்ட மறைச்சீங்கல்ல மாமா? நான் உயிரோட இருக்கறத அம்மாகிட்ட மறைச்சிடுங்க. செத்துட்டான்னு சொல்லிடுங்க’ன்னான்.

— சொல்லியிருக்கலாமேடா. இந்நேரம் அழுது முடிச்சிருப்பேன்.