பெரியவர் கையில் இருந்த சிப்

சின்னப் பொருளைப் படம் எடுப்பதுபோல் தொல்லை பிடித்த வேலை வேறு கிடையாது. நகைக் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நேரில் எடுப்பாக இருப்பது படத்தில் கடுகாகிவிடும். இந்த விசாரணையில் நீங்கள் முதலில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டதால் நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தண்ணீர் இப்போதைக்கு வேண்டாம், நன்றி.

எங்கள் கம்பெனி கணினிக்குள் வைக்கிற சிப் தயாரிப்பது. வடிவமைப்பு எங்களுடையது, செய்து தருவது வேறொரு ஆலை. நான் விளம்பரப் பிரிவின் பொறுப்பாளர். புதிய சிப்பை அறிமுகம் செய்ய மண்டபம், விளக்கு, பத்திரிகைக்காரர்கள் எல்லாம் ஏற்பாடான பிறகு சோதனைக்கூடத்து அம்மாள் என் அறைக்கு வந்தார். ஆலையிலிருந்து வந்த சிப்புகள் மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே கொதித்து நின்றுவிடுகின்றன என்றார். "விழாவைத் தள்ளிப் போடச் சொல்லுங்க சார்." அது என் கையிலா இருக்கிறது? பெரியவரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். "அதெல்லாம் சரி பண்ணிடுவாங்க. நீ உன் வேலையைப் பாரு" என்றார். நான் என் வேலையைப் பார்த்தேன்.

உண்மையான சிப் சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். பெரியவருடைய கட்டை விரல் வேறு தடிமன். அவர் பிடித்தால் சிப் காணாமல் போய்விடும். கண்காட்சிகளில் வைப்பதற்காக எங்களிடம் வெறும் கூடுகள் உண்டு. வெளி உறை மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அலமாரியில் இருந்ததிலேயே பெரிய கூடாகப் பார்த்து எடுத்து, அதன் மேல் புதிய பெயரை அச்சடித்து, பெரியவர் கையில் கொடுத்தேன். விளக்குக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். அருமையான படம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

படத்தின் அடியில் 'காட்சிக்கான மாதிரி' என்று இரண்டு சொல் போட்டிருந்தேன். அது வழக்கம்தான். ஆனால் அந்த எழுத்து அவருடைய சட்டைக் கைப் பொத்தான் மேல் விழுந்து கண்ணை உறுத்தியது. எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, யாரும் ஏன் எடுத்தாய் என்று கேட்கவும் இல்லை.

பங்கு வாங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடையில் ஒருவர் இருமினால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். படம் வெளியான அன்றே பெரியவரின் கட்டை விரலை வைத்து அந்தக் கூட்டின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். இவ்வளவு பெரிய உறை என்றால் உள்ளே ஒன்றல்ல, இரண்டு சிப் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். அவ்வளவுதான், ஊரே நம்பியது. பங்கு ஏறியது. பெரியவர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். அது பொய் என்று மறுக்க வேண்டியது என் பிரிவின் வேலைதான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னது நாங்கள் இல்லையே. சொல்லாததை எப்படி மறுப்பது?

என் தங்கையின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷர். என்னைவிட நல்லவர் என்று தங்கை அடிக்கடி சொல்வாள், நானும் மறுத்ததில்லை. அவருக்குப் பங்குச் சந்தைப் பைத்தியம். கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார். கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. ஓரத்துல பாருங்க, பின்னாடி இருக்கிற விளக்கு வெளிச்சம் இந்தப் பக்கம் கீறலாத் தெரியுது. உள்ள ஏதாவது இருந்தா வெளிச்சம் இப்படி வருமா? வெறும் கூடோன்னு தோணுது. சாயங்காலம் குரூப்ல கேட்டுடலாம்னு இருக்கேன்."

அந்த வாரம்தான் கம்பெனி புதிய முதலீட்டாளர்களோடு ஒப்பந்தம் போட இருந்தது. ஒரு கேள்வி போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும், முதலில் வேலை போவது எனக்குத்தான். அந்தக் கூடு என் பையிலேயே இருந்தது. எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

"என்ன மச்சான், இவ்வளவு லேசா இருக்கு?"

"அதுதான் மாப்ளே இதோட விசேஷமே."

"அப்போ உள்ள இருக்குல்ல?"

"இருக்கு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படி அண்ணாந்து பார்த்ததே இல்லை. சாயங்காலம் குழுவில், 'கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன், சந்தேகமே வேண்டாம்' என்று எழுதினார். என் பெயரைச் சொல்லவில்லை. நாகரிகமானவர். கடையை விற்று அதையும் போட்டார். தெருவே அவர் பின்னால் போனது.

பிறகு சோதனைக்கூடத்து அம்மாள் மறுபடி வந்தார். சிப் தேறாது, அறிவித்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது என்றார். அறிவிக்கும் வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சட்டமும் அதுதானே? அன்றைக்கே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இவரு வீட்டுப் பத்திரத்தையும் அடகு வைக்கத் தூக்கிட்டுக் கிளம்பறாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஆபீஸ் விஷயம் நான் பேசக் கூடாதும்மா."

தங்கை சிரித்தாள். "பேசக் கூடாதுன்னா ஏதோ நல்ல சேதி இருக்குன்னு அர்த்தம். போகட்டும் விடு." நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால் ரகசியத்தை வெளியிட்டவன் ஆகிவிடுவேன். போனை மெதுவாக வைத்தேன்.

அறிவிப்பை எழுதியதும் நான்தான். யாருக்கும் வலிக்காத வார்த்தைகளாகப் பொறுக்கிப் போட்டேன். பங்கு தரையில் விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன் என்றீர்களே என்று கேட்டு தங்கை கணவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. அப்போதும் அவர் என் பெயரைச் சொல்லவில்லையாம். எனக்குப் பலமுறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது. 'மச்சான், உள்ள இருந்துச்சுல்ல? அதை மட்டும் சொல்லுங்க.'

பதில் எழுதினால் அது சாட்சியாகிவிடும். எழுதவில்லை. கடையின் சாவியை வாங்கினவரிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் காலிக் கடைக்குள் போய் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிக்கொண்டார். மறுநாள் உடைத்துத்தான் திறந்தார்கள்.

கம்பெனியின் உள்ரகசியத்தை உறவினருக்குச் சொன்னீர்களா என்பதுதானே உங்கள் கேள்வி? இல்லை. ஒரு பங்குகூட நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கூடு காலி என்று தெரிந்தே அவர் கையில் கொடுத்தேன், உள்ளே இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பினார். அவர் போய்விட்டார், என் தங்கை நடுத்தெருவில் நிற்கிறாள். இவை எல்லாம் உண்மை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ரகசியத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலை போடுவதற்கு ஒரு படம் வேண்டும் என்று தங்கை என்னிடம்தான் கேட்டாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. வீட்டில் இருந்த படங்களில் எல்லாம் அவர் எங்கேயோ ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். முகம் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. வெட்டி, பெரிதாக்கி, வெளிச்சம் கூட்டிக் கொடுத்தேன். கீழே பெயரும் தேதியும் போடலாமா என்று படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் கேட்டார். வேண்டாம், கண்ணை உறுத்தும் என்றேன். படம் நன்றாக வந்திருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.