கவர்னரம்மா கேட்ட கேள்வி

விளக்கைக் கொஞ்சம் தணிங்க. ஆப்பிள் சீவ அடுப்பு வெளிச்சமே போதும்... இது நம்ம ஃபீபியோட பெரியம்மா கெசையாவுக்கு நடந்தது. ஃபீபி இங்கதான் உட்கார்ந்திருக்கா, தப்பாச் சொன்னா திருத்தட்டும்.

நவம்பர் மாசம். பொழுது சாஞ்சு இருட்டு கட்டுற நேரம். ஹார்லோ மேட்டுப் பாதை... தெரியும்ல, ரெண்டு பக்கமும் கல் சுவர், நடுவுல வண்டித் தடம். ஒரு வீடு கிடையாது. கெசையா தனியா வர்றா. கையில லாந்தர்.

கவர்னரம்மா தெர்ஸாவைப் புதைச்சு அப்ப ஒரு மாசம்கூட ஆகல. சின்ன வயசுல இருந்து அவங்க வீட்டுலதான் கெசையாவுக்கு வேலை. வேலைக்காரின்னு பேருதான். தெர்ஸா அம்மா மனசுவிட்டுப் பேசுறது அவகிட்ட மட்டும்தான்.

அந்த அம்மா லேசுப்பட்ட ஆளில்ல. புருஷன் கவர்னரு; போரு, சட்டசபைன்னு வருஷக்கணக்கா வெளியூர். பண்ணையை நடத்தினது இவங்க. பெரியம்மை பரவினப்போ, ஊரே வேணாம்னு தடுத்தும், தன் பொண்ணுக்கு அம்மை குத்த வச்சாங்க. பாதிரியார் வந்து, "கடவுள் சித்தத்துல நாம குறுக்கிடலாமா?"ன்னாரு. "மழை வந்தா நீங்க கூரைக்குள்ள ஓடுறதில்லையா?"ன்னு கேட்டாங்களாம்.

மேட்டு நிலம் அவங்க பாடுபட்டு வாங்கினது. ஆனா அந்தக் காலச் சட்டப்படி கட்டிக்கிட்டவ பேர்ல நிலம் எழுத முடியாதே... புருஷன் பேர்லதான் எழுதினாங்க. "இது நம்ம சாப்ராவுக்கு"ன்னு கவர்னர் வாக்குக் குடுத்திருந்தாரு. சாப்ரா அவங்க மக. புருஷனை இழந்து, மேட்டுக்குக் கீழ தனியா இருந்தா.

அம்மா படுத்த படுக்கையானாங்க. கவர்னர் அந்த நிலத்தைத் தன் கட்சிக்காரன் ஒருத்தனுக்கு வித்துட்டாரு. கெசையாவைக் கூப்பிட்டு, "அவ கேட்டா, நிலம் இருக்குன்னு சொல்லிடு. நிம்மதியாப் போகட்டும்"னாரு.

கேட்டாங்க.

"கெசையா, மேட்டு நிலம் இருக்குல்ல? அவரு பூசி மெழுகுவாரு. நீ சொல்லு, நம்புறேன்."

"இருக்கும்மா."

அம்மா சிரிச்சாங்க. அன்னைக்கே கண்ணை மூடிட்டாங்க.

இப்ப அந்தப் பாதையில... பின்னால ஒரு சத்தம். டக்... டக்... டக்... அடியில இரும்பு வளையம் வச்ச மரச்செருப்பு. சேத்துல நடக்கப் போடுவோமே, அது. கெசையா நின்னா. அதுவும் நின்னுச்சு.

வினிகர் வாடை. கற்பூர வாடை. தெர்ஸா அம்மா படுத்திருந்த அறையோட வாடை... வெட்டவெளியில.

அவ திரும்பிப் பார்க்கல. செருப்புச் சத்தம் அவளைத் தாண்டிப் போச்சு. மேட்டு நிலத்து வாசல்ல புது ஆளு புதுசாக் கதவு போட்டிருந்தான். அங்க போய் நின்னுச்சு. கதவு குலுங்குது... ஆள் இல்ல. மறுபடி குலுங்குது... பூட்டியிருக்கு.

அப்புறம் மெதுவா, காதுக்குப் பக்கத்துல... "உன்கிட்டதானே கேட்டேன்."

லாந்தரைப் போட்டுட்டு ஓடினா. வீட்டுக்குப் போகல. நேரா சாப்ரா வீட்டுக்கு. உண்மையை அவகிட்டயாவது சொல்லித் தொலைச்சிடணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. மூச்சு வாங்க, கதவுல கையை ஊணி நின்னா.

"சாப்ரா, நான்தான். உங்கம்மாகிட்ட நான் ஒரு பொய் சொல்லிட்டேன். கதவைத் திறம்மா."

உள்ள இருந்து சாப்ரா குரல், அழுது ஓய்ஞ்ச குரல்.

"தெரியும் அத்தை. அம்மா சொல்லிட்டாங்க."

"எப்ப...?"

"இப்பதான். உங்களை உள்ள விட வேண்டாம்னாங்க."

சாப்ரா பேசினது வீட்டோட அந்தக் கோடியில, அடுப்படியில இருந்து. அந்த வீட்டுல வேற யாரும் கிடையாது...

ஆனா கதவுக்கு அந்தப் பக்கம், கெசையா கை ஊணின இடத்துக்கு நேரா, யாரோ தாழ்ப்பாளை மெதுவா இழுத்துப் போட்டாங்க.