நொச்சி பறிக்கும்போது வந்த போன்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் மடியில் நொச்சியும் துளசியும் வேப்பிலையும் ஈரத்துணியில் சுற்றியிருந்தன.

“இம்புட்டும் வீணாப் போச்சு மதினி,” என்றார் அவர்.

“பச்சுன்னுதான இருக்கு?”

“வாயத் தொறக்காமப் பறிக்கணும். அப்பத்தான் மஞ்சத்தண்ணியில முக்கி வீட்டுல தெளிச்சா பீடை போகும். பாதியில போன் அடிச்சுச்சு, எடுத்துப் பேசிட்டேன்.”

“கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியே நீ! யாரு போன்ல?”

“தங்கச்சி. வயித்துப் பிள்ள கலைஞ்சதுல இருந்து ரெண்டு மாசமா யாருகிட்டயும் பேசாதவ. அவ வீட்டுக்குத்தான் இதையே பறிச்சேன்.”

மதினி சட்டென்று திரும்பினார். “அவளே கூப்பிட்டாளா? என்ன கேட்டா?”

“‘அக்கா, இன்னைக்கு வாரியா, மீன் கொழம்பு வைக்கவா’ன்னு கேட்டா.”

“அடி கூறுகெட்டவளே! அவ பேசணும்னுதான பறிக்கப் போன? பறிச்சு முடிக்கிறதுக்குள்ள பேசிட்டா. வீணாப் போச்சுங்கிற!”

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு, “அப்ப தெளிக்க வேண்டாமா?” என்று கேட்டார்.

“தெளி. வீடாவது மணக்கட்டும்.”

மறுநாள் மாலை திரும்பும் பேருந்தில் அந்த அக்கா ஏறினார். கூட வந்த மெலிந்த பெண், “அக்கா, சன்னலோரம் நான் உக்காருறேன்,” என்று சொல்லி உட்கார்ந்தாள்.