ஜெபக்கூடத்துக்கு வந்தவர்கள்

அறையில் இருந்தவர்கள் மூவர். பாதிரியார் மேசைக்கு முன்னால், பேனாவோடு. விண்கப்பல் மருத்துவரான அவருடைய தங்கை, கட்டில் ஓரத்தில். அந்தக் கிரகத்துக்காரியான பக்கத்து வீட்டம்மா, நான்கு கைகளையும் மடக்கிக்கொண்டு, கதவருகே தரையில்.

தங்கை: எழுதி முடிச்சியா இல்லையா? கப்பல் கிளம்பப் போகுது அண்ணா.

பாதிரியார்: இரு... சபைத் தலைமை கேட்டிருக்கறது ஒரே கேள்வி. இங்க எத்தனை பேர் விசுவாசிங்க?

தங்கை: யாருமில்லைன்னா?

பாதிரியார்: ஜெபக்கூடத்தை மூடிட்டு, உன்கூடவே கப்பலேறணும்.

தங்கை: கூடந்தான் நெறைஞ்சு வழியுதே. காலு வைக்க இடமில்ல. ஏம்மா, நீங்க எல்லாரும் எதுக்கு வர்றீங்க?

பக்கத்து வீட்டம்மா: இப்ப எங்க தெரு முறை.

தங்கை: முறையா?

பக்கத்து வீட்டம்மா: தம்பி கண்ண மூடிக்கிட்டு, இல்லாத ஆளோட பேசுதே... எங்க ஊர்ல அது நோய். தனியா விடக்கூடாது. தெருத் தெருவா முறை வச்சு, கூட உக்காருவோம்.

தங்கை: அண்ணா...

பக்கத்து வீட்டம்மா: பாட்டு வந்தா முத்திடுச்சுன்னு அர்த்தம். இன்னும் நெருங்கி உக்காருவோம்.

தங்கை: நீ ஏன் சிரிக்கிற?

பாதிரியார்: உன் மூஞ்சி போற போக்கப் பாத்துத்தான்.

தங்கை: குணமாயிட்டா?

பக்கத்து வீட்டம்மா: அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவோம்.

தங்கை: கேட்டுக்கிட்டியா? இனி என்னத்த எழுதுவே?

பாதிரியார்: எழுதிட்டேன். “விசுவாசிகள் ஒருவரும் இல்லை.”

தங்கை: அப்ப வர்றே.

பாதிரியார்: வரல.

தங்கை: பைத்தியமா உனக்கு? சம்பளம் நின்னுடும். சோத்துக்கு என்ன பண்ணுவே?

பக்கத்து வீட்டம்மா: நோயாளிக்குச் சோறு தெரு போடும். குணமாகாம நாங்க யாரையும் அனுப்பறதில்ல.

தங்கை: நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா... சரி அண்ணா, ஒருவருமில்லைன்னு ஏன் எழுதினே? உன்னையாவது சேத்து ஒண்ணுன்னு போட்டிருக்கலாமே?

பாதிரியார்: பசையை இப்படித் தள்ளு.

தங்கை: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

பாதிரியார்: இந்தா, கவர ஒட்டியாச்சு. பத்திரமாக் கொண்டுபோய்க் குடு... உன் அண்ணி தவறிப்போன சேதி வந்ததுலேர்ந்து நான் ஜெபமே பண்ணல. கண்ண மூடிக்கிட்டு அவகிட்டதான் பேசிட்டிருக்கேன். இவங்க வந்து உக்காந்தது சரியான ஆளுக்குத்தான்.